துருப்பிடித்த பூட்டு

சாமான் அறையின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. டாக்டர் பால் பிராண்ட் சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பார்த்தார், அசையவில்லை. பக்கத்தில் நின்ற தொழுநோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தவர், தரையில் ரத்தச் சொட்டைப் பார்த்தார். பையனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கோ வலியே தெரியவில்லை.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்றுதான் அன்று பலரும், மருத்துவர்கள் உட்பட, நம்பியிருந்தார்கள். பிராண்டுக்குச் சந்தேகம் தட்டியது. உதிர்வதற்குக் காரணம் நோயா, வலி தெரியாமல் படும் காயங்களா?

1914-ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர் பிராண்ட். மருத்துவம் படிக்கும் முன்பே லண்டனில் தச்சு, கொத்து வேலை கற்றவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். மறுவருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டி அழுத்தச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கு வலித்தது! கை பார்வைக்குத்தான் செயலற்றது. முன்கைத் தசைகளில் தெம்பு அப்படியே இருந்தது. கைக்குள் இருக்கும் சிறு தசைகள்தான் செத்திருந்தன.

அங்கிருந்து வேலை இரண்டு பக்கமும் ஓடியது. ஒரு பக்கம், இறந்த நோயாளிகளின் உடலைப் பரிசோதித்து எந்த நரம்பு எந்த இடத்தில் வீங்கிக் கெடுகிறது என்று பார்த்தார். மறுபக்கம், கெடாத தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். 1952-ல் லண்டன் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் இதைப் பற்றி ஹண்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார்.

ஆனால் அந்தச் சொற்பொழிவை விட, வேலூரில் தொழுநோயாளிகளுக்காக அமைத்த நவ ஜீவ நிலையத்தின் தினசரிச் சோதனையே சுவாரசியம். நோயாளிப் பையன்களின் கைகால்களைப் பார்த்து, புதுக் காயம் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று துருவினார்கள். சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்பில் துருத்திய ஆணி என்று காரணம் கிடைத்துக்கொண்டே வந்தது. சிலருக்கு மட்டும் ராத்திரியில் விரல் குறைந்தது, அது பிடிபடவில்லை. கண்விழித்துப் பார்த்தால், எலி! தூங்குகிறவனுக்கு வலிக்காததால் அது நிதானமாகத் தின்றிருக்கிறது. பரிகாரம், ஆளுக்கொரு பூனை. ஆய்வு மானியம் கேட்டு விண்ணப்பித்திருந்தால் பூனைக்கு எந்தக் கணக்கில் செலவு எழுதியிருப்பார்களோ!

காலையில் ஓ.பி., ராத்திரியில் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை என்று ஓடும் இன்றைய மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இதைப் படித்தால் பொறாமை வரலாம். வரட்டும். அவர்களின் கேள்வி பெரும்பாலும் வேறு யாரோ எழுதிய கட்டுரையிலிருந்து கிடைக்கிறது. பிராண்டின் கேள்விகள் வார்டிலிருந்தே எழுந்து வந்தன, சில சமயம் அவரையே திட்டிக்கொண்டு. கையைச் சரிசெய்து அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, நிமிர்ந்த விரல்களைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டார். அறுவை வெற்றி, ஆள் பட்டினி. லண்டனில் கற்ற தச்சு வேலை அப்போது கைகொடுத்தது: நிலையத்தில் மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதத்திலும் அதே மாதிரிப் புண்களைக் கண்டார். உணர்வற்ற பாதத்தைக் காக்க வேலூர், கரிகிரி வட்டாரத்தில் செய்து பார்த்த மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பைத்தான் இன்றும் நம் ஊர் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்கிப் போகிறவர்களில் பலர், ரப்பரை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள்.