தொண்ணூறு நாள் ஞாபகம்

பத்திரிகை ஒன்று நின்றுபோனால் நாலு பேர் இரங்கற் கட்டுரை எழுதுகிறார்கள். நாடகக் கம்பெனி கலைந்தால் சீன்களையும் உடைகளையும் யாராவது விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டும் சிரிப்புமாக இரவு பகல் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் சானல் ஒன்று கண்ணை மூடினால் மட்டும் அதற்குத் தலை முழுக ஆளில்லை. அதன் எண்ணில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான்!

எஸ்.எஸ். மியூசிக்கை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலிருந்து கிளம்பிய சானல் அது. 'சதர்ன் ஸ்பைஸ்' என்பது அதன் பூர்வாசிரமப் பெயர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு பாஷைப் பாட்டையும் ஒரே பந்தியில் பரிமாறியது. அதன் அறிவிப்பாளர்கள் பேசியது ஆங்கிலமா, தமிழா என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பாஷைக்கு நான் இன்றும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சானல்தான் குரல் தேர்வு நடத்தி, ஐந்து பேரைப் பொறுக்கி 'எஸ்5' என்று ஒரு கோஷ்டி சேர்த்தது. பென்னி தயாள் அந்த ஐவரில் ஒருவர். சினிமாவின் தயவில்லாமல் தென்னாட்டு இளைஞர்களுக்கு ஒரு மேடை கிடைத்ததே, அது சின்னக் காரியமா? இன்று அந்தச் சானல் தொலைக்காட்சியில் இல்லை.

"எல்லாந்தான் யூடியூபில் இருக்கே, சார்!" என்கிறார், படூரில் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இளம் எஞ்சினியர். நல்ல பிள்ளை, ஆனாலும் விஷயம் அப்படியில்லை. யூடியூபில் இருப்பது சினிமாப் பாட்டு. அது படத் தயாரிப்பாளரின் சொத்து; எப்படியும் பிழைத்துக்கொள்ளும். சானலின் சொந்தச் சரக்கு இரண்டு பாட்டுக்கு நடுவில் இருந்தது. ஏதோ ஓர் ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட பெண், தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்த அறிவிப்பாளர், பாட்டுக்கு இடையில் வந்த விளம்பரம் — ஒரு தலைமுறை எப்படிப் பேசிற்று, எதற்குச் சிரித்தது என்று நாளைக்கு நாவல் எழுதுகிறவன் எங்கே போய்த் தேடுவான்?

புத்தகத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1954-ல் வந்த சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னைக் கன்னிமரா நூல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். படுமோசமான நாவலுக்கும் அங்கே ஒரு பலகை உண்டு! சினிமாவைப் பாதுகாக்க 1964-ல் புனாவில் ஆவணக் காப்பகம் அமைத்தார்கள். தொலைக்காட்சிக்கு? ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சர்க்கார் விதி சொல்கிறது. அதுவும் எதற்காக? யாராவது புகார் செய்தால் எடுத்துக் காட்டுவதற்காக! போலீஸ்காரன் ஞாபகத்துக்கு 90 நாள். ஜனங்களின் ஞாபகத்துக்கு ஒரு நாள்கூட இல்லை.

சீமையிலும் இந்த அசட்டுத்தனம் நடந்திருக்கிறது. நாடாவை மறுபடி உபயோகிக்கலாம் என்ற சிக்கனத்தில் பி.பி.சி. தன் பழைய நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றை அழித்துத் தள்ளியது. பின்னால், ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்த ஒலிநாடாவையும், அயல்நாட்டு நிலையங்களில் தூசி படிந்து கிடந்த பிரதிகளையும் தேடி அலைந்தார்கள். அவர்களுக்காவது நாடா விலை என்ற சாக்கு இருந்தது. நமக்கு அதுவும் கிடையாது. எங்கள் படூரை அடுத்த சிறுசேரியில் பெரிய பெரிய கட்டடங்களில், கம்பெனிகளின் கணக்கு வழக்குகளைக் குளிரூட்டிய அறைகளில் வைத்துக் காக்கிறார்கள். பாங்கிக் கணக்குக்குக் கிடைக்கும் குளிர்ச்சியில் கொஞ்சம் பாட்டுக்கும் சிரிப்புக்கும் கிடைக்கக் கூடாதா?

உரிமைப் பிரச்னை என்று வக்கீல்கள் எழுந்திருப்பார்கள். கன்னிமராவுக்கு என் புத்தகத்தைக் கொடுத்ததால் அதன் உரிமை என்னைவிட்டுப் போய்விடவில்லை. சானல்காரருக்கும் போகாது. பிரதியை யாரும் விற்கவேண்டாம். திரும்ப ஒளிபரப்பவும் வேண்டாம். ஆராய்ச்சி செய்ய வருகிறவன் உட்கார்ந்து பார்க்க ஒரு நாற்காலி போதும்.

இவ்வளவும் குப்பை, இதைக் காப்பானேன் என்று கேட்கும் மகானுபாவர்களும் உண்டு. இருக்கட்டுமே! 1952-ல் மத்திய மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டைக் குப்பை என்றுதான் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து ஒதுக்கினார். ஜனங்கள் இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். 1957-ல் அதே சர்க்கார் 'விவித பாரதி'யை ஆரம்பித்து, அதே பாட்டை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது. எது குப்பை என்று மந்திரியாலேயே ஐந்து வருஷம் தாக்குப்பிடித்துச் சொல்ல முடியவில்லை.

சானல் நடத்த அநுமதி கொடுப்பது டில்லிதான். அநுமதியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம், "பெட்டியில் உள்ளதில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போம்!" என்று கேட்பதற்கு அந்த விதியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.