பழைய மெஷினை அணைக்கும் முன்

பிரெஞ்சு மொழியில் கம்ப்யூட்டருக்கு ‘ஒர்தினாத்தர்’ என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம்.மின் பிரெஞ்சு நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், ஷாக் பெர்ரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன பெயர் அது. ஒழுங்குபடுத்துவது என்று பொருள். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அரசாங்க குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு, ‘கணக்குப் போடும் கருவி’ என்பதைவிட இந்தப் பெயர்தான் பிடிக்கும். பதிவேட்டை ஒழுங்காக வைப்பதுதானே எங்கள் பிழைப்பும்.

ஆம்பூர் பக்கம் ஒரு காலணி ஏற்றுமதி அலுவலகத்தில் என் உறவுக்காரப் பையன் வேலை பார்க்கிறான். அங்கே பழைய ஏ.எஸ்./400 மெஷின் ஒன்றை நிறுத்தப் போகிறார்களாம். 1988-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த நடுத்தர ரகக் கம்ப்யூட்டர் அது. சம்பளம், வருகை, பி.எஃப். எல்லாம் வருஷக் கணக்காக அதில்தான் இருக்கிறதாம். “எல்லாவற்றையும் எக்ஸெல்லுக்கு மாற்றிவிட்டோம் தாத்தா, இனி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்” என்றான். போடலாம். ஆனால் மாறியது சரியாக மாறியதா என்று யார் பார்த்தார்கள்?

அந்த மெஷினும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே மொழி பேசுவதில்லை. ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துக்கு நம் பி.சி.யில் எண் 65. அதில் 193. இந்த எழுத்து மாற்றத்தை மென்பொருளே செய்துவிடும். தொகைகளில்தான் சிக்கல். இடத்தை மிச்சப்படுத்த, ஓர் எழுத்து பிடிக்கும் இடத்தில் இரண்டு இலக்கங்களை அடைத்து, கடைசியில் கூட்டல் கழித்தல் குறியை வைப்பார்கள். அதையும் எழுத்து என்று நினைத்து மாற்றினால் ரூபாய் கணக்கு குப்பையாகிவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற கேடு, உடனே பிடித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது எக்ஸெல். பி.எஃப். கணக்கு எண்ணில் முன்னால் வரும் பூஜ்யங்களைத் தேவையில்லை என்று தின்றுவிடும். 12 இலக்க யு.ஏ.என். எண்ணைச் சுருக்கிக் காட்டும். அந்தக் கோலத்திலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால், மறைந்த இலக்கங்கள் போனது போனதுதான்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பட்டியலைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. 15,841 நோயாளிகளின் பெயர்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அதனால் தாமதமானது.

நம் ஊரில் இதனால் யாருக்கு நஷ்டம்? ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து முதுகொடிந்த பெண்களுக்குத்தான். 1995-ல் வந்த பி.எஃப். பென்ஷன் திட்டத்தில், பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். வேலைக்குச் சேர்ந்த தேதியிலோ பிறந்த தேதியிலோ தவறு என்றால், பழைய கணக்குகளுக்குப் பெரும்பாலும் முதலாளி வழியாகத்தான் திருத்த வேண்டும். முதலாளி எதைப் பார்த்து எழுதுவார்? அந்தப் பழைய பதிவைத்தான்.

“பழைய மெஷினை வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவை யார் கொடுப்பது?” என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. மெஷினை வைத்திருக்கச் சொல்லவில்லை. நாங்கள் ஒரு லெட்ஜரிலிருந்து அடுத்த லெட்ஜருக்கு நிலுவையைக் கொண்டுபோகும்போது செய்த அதே வேலையைச் செய்யச் சொல்கிறேன். அங்கே எத்தனை பேர், இங்கே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அங்கே கூட்டுத் தொகை என்ன, இங்கே என்ன என்று பாருங்கள். நடுநடுவே ஐம்பது பெயர்களை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எக்ஸெல் தவிர, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வேறொரு கட்டிடத்தில் வையுங்கள்.

இது புதிய யோசனை இல்லை. 1776-ல் பிரெஞ்சு மன்னர் போட்ட ஆணைப்படி, குடியேற்றங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளுக்கு ஒரு பிரதி கப்பலேறி வெர்சாய் போயாக வேண்டும். கரையானும் கடல்காற்றும் இங்கே எதைத் தின்றாலும் அங்கே ஒன்று இருக்கும். புதுச்சேரிக்காரர்களின் பழைய பதிவுகளை இன்றும் பிரான்சின் ஆவணக் காப்பகத்தில் பார்க்க முடிவது அந்த முன்யோசனையால்தான்.

இதைப் படிப்பவர்களின் பிள்ளைகளோ மருமகள்களோ இப்படிப்பட்ட அலுவலகத்தில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய வரியை அச்செடுத்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி சரியா என்று அவரே பார்த்துக்கொள்வார். அவரைவிட நல்ல தணிக்கையாளர் கிடைக்கமாட்டார்.