அவளுக்கு அங்கே என்ன வேலை?



சுகாதாரக் கூட்டங்களுக்காக ஊர் ஊராகப் போகும் எனக்கு எல்லா இடத்திலும் காதில் விழும் ஒரு கேள்வி உண்டு. "மனுசன் இல்லாதவளுக்குக் கிளினிக்கில என்ன வேலை?" சில வேளை அயலவர் கேட்கிறார்கள். பல வேளை அந்தப் பெண்ணே தன்னைப் பற்றிக் கேட்கிறாள்.

கிளினிக் என்றால் கர்ப்பிணிகள் போகும் இடம், குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போகும் இடம் என்பதுதான் எங்கள் ஊர்களில் உள்ள எண்ணம். அதனால் கணவனை இழந்தவர்களும், காணாமற்போன கணவனைத் தேடிக்கொண்டிருப்பவர்களும், கைவிடப்பட்டவர்களும் அந்த வாசலை மிதிப்பதில்லை. ஊர் கதைக்கும் என்று பயம். இந்தப் பயம் உயிரைக் கொண்டுபோகக் கூடியது என்பதால் இம்மாதம் அதைப் பற்றிக் கதைப்போம்.

1996ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் இந்தக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பப் பரிசோதனையும் உண்டு. அதை 35 வயதிலும் 45 வயதிலும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ஒரு சதமும் செலவில்லை. சில நிமிட வேலை.

"அவர் போய்ப் பத்து வருசம். எனக்கு எப்படி அந்த வருத்தம் வரும்?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரசு. அது உடலுறவு மூலம் தொற்றும். தொற்றிய பெண்கள் பெரும்பாலானோருக்குத் தானாகவே மறைந்துவிடும். சிலருடைய உடலில் மட்டும் சத்தமில்லாமல் தங்கி, பத்து, பதினைந்து வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகும். கணவர் இல்லாமற் போனாலும் அந்த ஆபத்து இல்லாமற் போவதில்லை. 2009இல் 25 வயதில் தாலியை இழந்த பெண்ணுக்கு 2019இல் 35 வயது. 2029இல் 45 ஆகும். சோதிக்க வேண்டிய இரண்டு வயதையும் அவள் தனியாகத்தான் கடக்கிறாள். ஆகவே அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

மாதவிடாய் இல்லாத நாட்களில் இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு பட்டாலோ, நாற்றத்துடன் வெள்ளை பட்டாலோ வயதைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

சொல்வது இலகு. போவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. மலையகத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண் காலையில் கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும், அரைப்பேராவது வெட்டுப்படும். அங்கே குடும்பநல உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டும். தன் மாதவிடாயைப் பற்றி மகன் வாயால் சொல்லச் சொல்லும் தாயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்குத் தமிழ் பேசும் உத்தியோகத்தர் கிடைக்கிறார். ஆனால் "தோட்டக்காட்டார்" என்ற பார்வையும் சேர்ந்து கிடைக்கிறது. முஸ்லிம் சகோதரிகள் பெண் வைத்தியர்தான் வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. கணவர் இறந்து இத்தாவில் இருப்பவருக்கு வருத்தம் என்றால் வைத்தியரிடம் போவதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்பதையும் பலர் அறிந்திருக்கவில்லை.

சொற்களும் வேறு வேறு. ஒரு ஊரில் துடக்கு, இன்னொரு ஊரில் வீட்டுக்குத் தூரம், வேறோர் ஊரில் ஹைளு. அந்தந்த ஊர்ச் சொல்லில் கதைத்தால்தான் பெண்கள் வாய் திறக்கிறார்கள். நான் கூட்டத்தில் ஒரு பெட்டி வைப்பேன். கேள்வியைப் பெயரில்லாமல் எழுதிப் போடலாம். எழுதத் தெரியாதவர் காதில் சொல்லலாம்.

இன்னொரு தடையும் உண்டு, நம்பிக்கையின்மை. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களில், பிள்ளைகளைக் கொண்டுவரும்படி அழைக்கப்பட்ட தாய்மாருக்கு அவர்களுடைய முழுச் சம்மதமின்றிக் கையில் கர்ப்பத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக அறிக்கைகள் வெளிவந்தன. அதைக் கேள்விப்பட்ட பெண்கள் வெள்ளைச் சட்டையைக் கண்டால் பின்வாங்குவதில் வியப்பில்லை. அதற்கு மருந்து கிளினிக்கை விட்டு ஓடுவதல்ல, கேள்வி கேட்பது. இது என்ன? எதற்கு? வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? இந்த மூன்றுக்கும் உங்களுக்கு விளங்கும் மொழியில் பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

நம்பிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. வீடு வீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களும், கையை நீட்டி இரத்தம் கொடுத்த தாய்மாரும் சேர்ந்து செய்த வேலை அது. அதில் எங்கள் தாய்மாரும் இருக்கிறார்கள்.

பாலியல் நோய் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதற்கென்று அரசாங்க கிளினிக்குகள் உண்டு. இலவசம், இரகசியம் காப்பார்கள், யாருடைய கடிதமும் தேவையில்லை. பலவந்தத்துக்கு ஆளானவர்கள் பெரிய வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையத்துக்குப் போகலாம். நடந்தது உங்கள் குற்றமல்ல. 2017 முதல் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அதைப் பற்றியும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள், பதில் விளங்கியதும் மகளுக்குப் போடுங்கள்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். மாதர் சங்கத்தில் 35ஐயும் 45ஐயும் தொட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஒரு நாள் குறித்து ஒரே ஓட்டோவில் போய் வாருங்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து போனால் ஊர் எவளைப் பற்றிக் கதைக்கும்?