வற்றுகிறது பனிமலை, தவிக்கிறது லடாக்!

மலையில் பனி குறைந்தால் வீட்டில் உலை கொதிக்காது. லடாக் மக்கள் கண்ணாரக் கண்டு வரும் உண்மை இது.

லடாக், இந்தியாவின் வடகோடியில் உள்ள குளிர்ப் பாலைவனம். அதன் பெரிய ஊர் லே. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 10 சென்டி மீட்டர்தான்!

அப்படியானால் பயிர் விளைவது எப்படி? மலை உச்சியில் பனியாறுகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி, பாறை போல் இறுகிக் கிடப்பதே பனியாறு. வெயில் ஏற ஏற அது உருகும். அந்த நீர் ஓடையாக ஓடி வயலில் பாயும்.

விதைக்க நீர் இல்லை

பார்லியையும் கோதுமையையும் ஏப்ரல், மே மாதங்களில் விதைக்க வேண்டும். தாமதித்தால் கதிர் முற்றுமுன் குளிர் வந்துவிடும். உச்சியிலுள்ள பனி ஜூன் மாதத்தில்தான் நன்றாக உருகும். விதைப்புக்குக் கைகொடுத்தது, ஊருக்கு அருகே தாழ்வாக இருந்த பனி. அதுதான் இப்போது குறைந்து வருகிறது.

காரணம் என்ன? நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து உண்டாகும் வாயு பூமியைச் சூடாக்குகிறது. புகைக்கரி பனியின் மேல் படிகிறது. கருத்த பனி சீக்கிரம் உருகுகிறது.

இமயமலை வட்டாரப் பனியாறுகள், 2011 முதல் 2020 வரை, அதற்கு முந்தைய பத்தாண்டுகளைவிட 65 சதவிகிதம் வேகமாகக் கரைந்தன. காத்மாண்டுவில் உள்ள இசிமோட் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் இதை வெளியிட்டது.

பனி உருகினால் தண்ணீர் பெருகத்தானே செய்யும்? ஆம், முதலில் பெருகும். ஆனால் அது விதை நெல்லைக் குற்றித் தின்பது போன்றது. தின்று தீர்ந்த பிறகு மிச்சம் ஏது?

செயற்கைப் பனி

லடாக் மக்கள் சும்மா இருக்கவில்லை. சேவாங் நார்பெல் என்ற என்ஜினீயர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரை நிழலான இடத்தில் தேக்கி உறைய வைத்தார். ஊருக்கு அருகே இருப்பதால் அந்தப் பனி விதைப்புக் காலத்திலேயே உருகியது. 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சோனம் வாங்சுக், 2013-ல் தொடங்கி, பனியைக் கோபுரம் போல் உயர்த்திக் காட்டினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், பம்பு இல்லாமலே மேலே பீறிடும். கடுங்குளிரில் அது உறைந்துவிடும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆகவே பனி மெதுவாகக் கரையும்.

ஆனால் இவை தண்ணீரைச் சேமிக்குமே தவிர, புதிதாக உண்டாக்கா. ஓடையே வற்றினால் கோபுரமும் எழும்பாது.

ஊர் இறங்கியது

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் கூமிக் என்றொரு கிராமம். மேலே பனி குறைந்தது, ஓடை சுருங்கியது. பரம்பரை வீடுகளை விட்டுக் கீழே ஆற்றுப் பக்கம் குடியேற ஊரார் முடிவு செய்தார்கள். புது வாய்க்காலைத் தாங்களே வெட்டினார்கள்.

பூமியைச் சூடாக்கிய புகையில் அந்த ஊரின் பங்கு மிகச் சிறிது. ஆனால் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள்தான்.