பவர் ஸ்டீயரிங் சூடாவது ஏன்?

“கும்பப்பூ நடவுக்குத் தொளி உழவு செய்யும்போது, ஒரு மணி நேரத்திலேயே டிராக்டரின் பவர் ஸ்டீயரிங் கனக்கிறது. ஆயில் டேங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. என்ன செய்யலாம்?”
- வாசகர், வட்டக்கோட்டை.

சூடு பிறப்பது பெரும்பாலும் வரப்போரத்தில்தான். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது, பம்ப் தள்ளும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டு பாயும் ஆயில், அந்த நெருக்கத்தில் வேகமாகச் சூடேறுகிறது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆயில் நீர்த்துப் பிடிப்பு குறையும். சீல்கள் இறுகிக் கசியும்.

எனவே, கடைசிவரை ஒடித்தால் ஓரிரு நொடியில் சற்றே தளர்த்திவிடுங்கள். நின்ற இடத்தில் ஒடிக்காமல், வண்டி உருளும்போது ஒடியுங்கள். வயலுக்குள் திரும்பும் பக்கத்து பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங்குக்குச் சுமை குறையும். முன் டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும்.

தனி ஆயில் கூலர் இல்லாத டிராக்டர்களில் டேங்க்கும் குழாய்களும்தான் சூட்டை வெளியேற்றுகின்றன. அவற்றில் சேறு அப்பினால் சூடு உள்ளேயே தங்கும். தினமும் வண்டி ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று குழாய் இணைப்புகளை அரிக்கும் என்பதால், கழுவும்போதே கசிவையும் பாருங்கள்.

ஆயில் நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறது. பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் கசிவை முதலில் அடைக்க வேண்டும். கறுத்து, கருகல் வாடை அடித்தால் சூட்டில் கெட்டுவிட்டது. கெட்ட ஆயிலோடு புதியதைக் கலக்காமல், கையேட்டில் சொன்ன ரகத்தை ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். உப்பிய ஹோஸை அடுத்த உழவுவரை விட்டுவைக்க வேண்டாம். டிரெய்லரோடு சாலையில் போகும்போது அது வெடித்தால், வண்டி கைக்கு அடங்காது.