ஞாயித்துக்கிழமை டிராக்டர்

அக்கா மகன் போன வாரம் வந்து திண்ணையில உக்காந்தான். விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனி வேலை. ஆறு நாள் சூளை, ஞாயிறு லீவு. "மாமா, ஒரு மினி டிராக்டர் எடுத்து லீவு நாள்ல களை அடிச்சுக் குடுத்தா மாசம் இருபதாயிரம் நிக்குமாம். வீடியோவுல கணக்கே போட்டுக் காட்டுறாங்க" என்றான். முன்பணத்துக்கு அக்கா நகையை வைக்கப் போறானாம்.

அந்த வீடியோக்காரர்கள் மேல் உள்ள கோபத்தைத்தான் இன்று எழுதுகிறேன். நான் 2017ல பதினெட்டு எச்.பி. வண்டி எடுத்து, சொந்த வேலை போக மிச்ச நேரம் ஊருக்குள்ள ஓட்டுறவன். இந்தத் தொழிலே வேண்டாம்னு சொல்ல வரல. பொய்க் கணக்கு வேண்டாம்.

அவங்க கணக்கு இதுதான்: மணிக்கு 800 ரூபாய், நாளைக்கு எட்டு மணி நேரம், மாசம் நாலு ஞாயிறு. ஆக 25,600. டீசல் ஆறாயிரம் போக மீதி லாபம். கூட்டல் கழித்தல் சரிதான், மாசம்தான் தப்பு. நம்ம மங்களூர் ஒன்றியம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில விதைப்பு; தை, மாசியில மக்காச்சோளக் கதிர் ஒடிப்பு. அதுக்கப்புறம் தட்டையை அடிச்சு மண்ணுல மடக்குற வேலை ஒரே மூச்சா வரும். அந்த மூணு வாரத்துல பத்து பேர் ஒரே நாள்ல போன் பண்ணுவாங்க. செவ்வாய்க்கிழமை கூப்பிடுறவர்கிட்ட "ஞாயித்துக்கிழமை வரேங்க"ன்னு சொன்னா அவர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டுடுவார். அவர் மேல என்ன தப்பு? மழைக்காலத்துல கேக்கவே வேணாம். சனிக்கிழமை ராத்திரி ஒரு மழை போதும், கரிசல்ல இறங்கின சக்கரம் ஏறாது. ஆனி, ஆடியில என் வண்டி மேல கோழி அடையுது. தவணைக்காரன் மட்டும் பன்னெண்டு மாசமும் வருவான்.

இன்னொண்ணு. வெள்ளாமை ஏமாத்தினா வாடகை கை குடுக்கும்னுதான் நானும் எடுத்தேன். அடுத்த வருஷமே, 2018ல, படைப்புழு வந்துச்சு. குருத்துக்குள்ள புகுந்து மக்காச்சோளத்தைக் குதறிப் போட்டுது. என் காடு போச்சுன்னா பக்கத்துக் காடும் போச்சு. கதிரே இல்லாதவன் தட்டை அடிக்கக் காசு குடுப்பானா? மாடு வச்சிருக்கவங்க மாட்டை விட்டு மேச்சுட்டாங்க. வெள்ளாமையும் வாடகையும் ஒரே வருஷத்துல படுக்கும். இதை எந்த வீடியோவுலயாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

அப்புறம் நம்ம ஊர்க்காரங்க. அவங்களையும் விட மாட்டேன். "வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் மணிக்கு 500 ரூபாதான், நீ என்ன எண்ணூறு கேக்கறே?"ம்பாங்க. உண்மைதான். உழவன் செயலியில பதிஞ்சு எடுத்துக்கலாமே? பதிய மாட்டாங்க, முறைக்குக் காத்திருக்கவும் மாட்டாங்க. அந்த ரேட்டை என்கிட்ட பேரம் பேச மட்டும் வச்சிருக்காங்க. வெளியூர் அறுவடை மெஷினுக்கு வரப்புல நின்னு எண்ணிக் குடுக்கற கைதான் எனக்குப் "பொறவு பாத்துக்கலாம் தம்பி"ங்குது. என் நோட்டுல இன்னைக்கு நிக்கிற பாக்கி 23,400. பாதி சொந்தக்காரங்க. அவங்க இதைப் படிப்பாங்கன்னும் தெரியும். படிக்கட்டும்.

வீடியோவுல ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூடி கழட்டின பி.டி.ஓ. ஷாப்ட் பக்கத்துல நின்னு பேசுறார். அது நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தற சாமான். வேட்டி நுனி மாட்டினா கத்தறதுக்குக்கூட நேரம் இருக்காது. களை அடிக்கிற பிளேடுல ஒரு கல் பட்டா எங்க போய் விழும்னு சொல்ல முடியாது. பின்னாடி நிக்கற பிள்ளைங்களை விரட்டவே தனியா ஒரு ஆள் வேணும்.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கிற வேலையே இல்லையான்னா, கொஞ்சம் இருக்கு. வெளியூர்ல இருக்கறவங்க வாங்கிப் போட்ட மனையில புல் அடிக்கிறது. விருத்தாசலம் பக்கம் முந்திரித் தோப்புல, கொட்டை விழறதுக்கு முன்னாடி மரத்தடியைச் சுத்தம் பண்றது. புதரு இருந்தா பொறுக்க முடியாது. இதுக்கு நாலு லட்சத்துல வண்டி எதுக்கு? தோள்ல மாட்டுற களைவெட்டி மெஷின் ஒண்ணு போதும். அக்கா பேர்ல ரெண்டு ஏக்கர் இருக்கு. பெண் விவசாயி, சிறு விவசாயின்னா கருவிகளுக்குப் பாதி வரைக்கும் மானியம் இருக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு. முதல்ல அதை விசாரிடா, நகையை அப்புறம் தொடுன்னேன்.

மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டான். "அப்ப நீங்க மட்டும் ஓட்டலாமா மாமா?"

வர்ற மாசியில மூணு வாரம் சம்பளமில்லா லீவு போட்டுட்டு வா, என் வண்டியை நீயே ஓட்டு, டீசல் போகப் பாதி உனக்குன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பாக்கி நோட்டையும் அவன் கையில குடுத்து வசூலுக்கு அனுப்பப் போறேன். பெரியப்பா வீட்டுல இருந்து ஆரம்பிக்கட்டும்.