டிப்ஸ் கதை எழுதாது

என் ப்ரௌசரில் 'எழுத்து' என்று ஒரு புக்மார்க் ஃபோல்டர் இருந்தது. சிறுகதை எழுதப் பத்து வழிகள், பாத்திரப் படைப்பின் ரகசியம் என்று இருநூறு சுட்டிகளுக்கு மேல். மூன்று வருடம் சேர்த்தேன். எழுதிய கதை? ஒன்றுகூட இல்லை. சேர்க்கிறதே எழுதுற மாதிரி ஒரு போதை.

'முடிவைக் கடைசிவரை மறைத்து வை' என்பது அதில் அடிக்கடி வரும் உபதேசம். ஒருநாள் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' வாசித்தேன். மனைவியின் சாவில்தான் கதையே தொடங்குகிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை அந்த நோயாளியோடு எப்படிக் காலம் தள்ளினார் என்பதைக் கீழே வைக்காமல் படிக்கிறோம். ஏன்? இந்தக் கேள்வியோடு மூன்று முறை படித்தேன். அதில் கற்றது எந்தச் சுட்டியிலும் இல்லை.

நாங்கள் கோட் எழுதக் கற்றது அடுத்தவர் கோடைப் பிரித்துப் பார்த்துத்தான். கதைக்கு மட்டும் ஏன் டிப்ஸ்? இங்கேயும் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய, ஈழத்து எழுத்துகளைச் சேமிக்கும் நூலகம் தளம், நவீனச் சிறுகதைகளைத் தொகுத்த 'அழியாச் சுடர்கள்' வலைப்பூ. காசே வேண்டாம், படித்தால் போதும்.

'அப்ப வழிகாட்டியே வேணாமா?' என்பீர்கள். வேணும், எழுதின பிறகு. வெற்றுத் தாளில் யார் வந்து என்ன திருத்துவது?

ஃபோல்டரை அழித்துவிட்டேன். முதல் கதை மோசமாகத்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை, திருத்துவதற்கு இப்போது ஒரு கதையாவது இருக்கிறது.